போர்டுக்குப் போன லைட்டு

கணபதிங்கற எங்க ஊரில் ஒரு பம்ப் கம்பெனிக்குத் தர மேலாளரா இருந்தேன். பெரிய உத்தியோகம்தான். கேட்டவங்களுக்கெல்லாம் ஃபைல் காட்டணும்.

சென்னையிலிருந்து ஆலோசகர் ஒருத்தர் வந்தார். தரையில் மஞ்சள் கோடு போடச் சொன்னார், போட்டோம். காலையில் உறுதிமொழி எடுக்கச் சொன்னார், எடுத்தோம். யோசனைப் பெட்டி வைக்கச் சொன்னார். வச்சு, பூட்டி, சாவியை முதலாளிகிட்டக் கொடுத்தோம். மூணு மாசம் கழிச்சுத் தர விழாவில் அவர் கையாலதான் திறக்கணுமாம். அதுவரைக்கும் தொழிலாளி யோசனை ஊறுகாய் மாதிரி ஊறட்டும்னு விட்டாச்சு.

'தரமே நம் உயிர்'னு ஆளுயரத்துக்கு ஒரு போர்டும் வந்தது. மாட்டின இடமோ இருட்டு. வைண்டிங் மேசைக்கு மேலே இருந்த டியூப் லைட்டைக் கழட்டி அங்கே மாட்டச் சொன்னது நான்தான். அந்த மேசையில் ஒன்பது பெண்கள் மோட்டாருக்குக் கம்பி சுத்துவாங்க. அதில் மூத்த அக்காகிட்டக் கேட்கத்தான் செஞ்சேன்.

"பரவால்லீங்க, பழகிக்கறமுங்க" என்றார்.

எங்க ஊரில் அப்படிச் சொன்னா வேண்டாம்னு அர்த்தம். இங்கேயே பொறந்து வளர்ந்த எனக்கு அன்னிக்கு மட்டும் வசதியா மறந்துபோச்சு.

அப்புறம் மோட்டாரெல்லாம் எரிஞ்சு எரிஞ்சு திரும்பி வந்தது. ஆலோசகர் கலர் கலரா வரைபடம் போட்டு, 'தொழிலாளர் மனப்பான்மை'தான் காரணம்னு கண்டுபிடிச்சார். முதலாளி விழா வரைக்கும் கெடு வச்சார். அதுக்குள்ளே குறையலைன்னா வைண்டிங்கை வெளியே கொடுத்துட்டு ஒன்பது பேரையும் வீட்டுக்கு அனுப்பிடுவாராம்.

கெடு வந்தது, மோட்டார் எரியறது குறையலை. விழாவில் முதலாளி பெட்டியைத் திறந்தார். பதினோரு சீட்டு, எல்லாம் ஒரே கையெழுத்து. ஒண்ணை எடுத்து மைக்கில் படிச்சார்.

"மேசைக்குப் பழையபடி லைட்டு போட்டுக் குடுங்க. கம்பி மேல பூச்சு உரிஞ்சிருந்தா கண்ணுக்குத் தெரியறதில்லீங்க. அதுதானுங்க எரியுது."

"லைட்ட யாரு கழட்டுனது?" என்றார் முதலாளி.

நான் தரையில் இருந்த மஞ்சள் கோட்டைப் பரிசோதனை பண்ணிக்கிட்டிருந்தேன்.

அந்த அக்காதான் எழுந்தார். "எங்களக் கேட்டுத்தானுங்க கழட்டுனாங்க. பழகிக்கறம்னு நாங்கதான் சொல்லிப்போட்டமுங்க."

லைட்டு மேசைக்குத் திரும்பியது. அடுத்த மாசமே எரியற மோட்டார் குறைஞ்சுபோச்சு. ஒன்பது பேருக்கும் வேலை தப்பிச்சது. சிறந்த மேம்பாட்டுக்கான கேடயம் யாருக்குன்னு நினைக்கறீங்க? தர மேலாளருக்குத்தான்.

போர்டுக்குக் கீழே நிக்க வச்சுக் கொடுத்தாங்க. முன் வரிசையில் அந்த அக்காவும் கை தட்டினார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்னது. ஆனாலும் கையை நீட்டி வாங்கிக்கிட்டேன்.