மேண்டலின் மட்டும்

நான் ஆசைப்பட்டுக் கற்றுக்கொண்டது மேண்டலின் ஒன்றுதான். மற்றதெல்லாம் யாராவது வராத நாளில் என் தலையில் விழுந்தது. அக்கார்டியன்காரர் வரவில்லையா, என் தோளில் மாட்டினார்கள். கிளாரினெட்காரர் பம்பாய்க்குப் போய்விட்டாரா, என் கையில் திணித்தார்கள். பாங்கோ மேளமும் அப்படி வந்ததுதான். அறுபதுகளின் கடைசியில் மயிலாப்பூரில் ஒரு மெல்லிசைக் குழுவில் மேண்டலின் வாசிக்கச் சேர்ந்தவனை, எழுபதுகள் பிறந்தபோது யாருமே மேண்டலின்காரன் என்று சொல்லவில்லை. "எல்லாம் வாசிப்பாரே, அவரு" என்றார்கள். கேட்பவர்களுக்கு அது பாராட்டு. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் எங்கள் குழுத் தலைவர் அபிராமபுரத்தில் என் வீட்டுக்கே வந்துவிட்டார். அவர் ஆர்மோனியம் வாசிப்பவர். அதைத் தவிர எதையும் தொடாதவர்.

"தி. நகர்ல ஒரு ரிசப்ஷன் கீது நைனா. ஜவுளிக்கடைக்காரர் வூட்டுக் கல்யாணம். எடுத்த எடுப்புல உன் மேண்டலின் சோலோதான். வேற எதையும் நீ தொட வாணாம்."

"சத்தியமா?"

"சத்தியமா. எதுக்கும் மத்ததையும் எடுத்துக்கினு வந்துடு."

அந்தக் கடைசி வார்த்தையிலேயே நான் உஷாராகியிருக்க வேண்டும். அதற்குப் பதில், சொந்தமாக ஒரு மெட்டுப் போட்டுக் காலையும் மாலையும் வாசித்துத் தள்ளினேன். கடைசியில் என் மனைவி அதை முணுமுணுத்துக்கொண்டே குழம்பு தாளித்தாள்.

அன்று சாயங்காலம் எல்லா வாத்தியங்களையும் சைக்கிள் ரிக்ஷாவில் ஏற்றினேன். "இன்னா சார், கடையக் காலி பண்ணிக்கினு போறியா?" என்றார் ரிக்ஷாக்காரர். அக்கார்டியன் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு தி. நகர் வரைக்கும் போனேன்.

மண்டபத்தில் தலைவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அக்கார்டியன்காரருக்கு ஏதோ ரெக்கார்டிங் வந்துவிட்டதாம். பாங்கோக்காரர் கையில் கட்டுப் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்.

"கொஞ்சம் பாத்துக்க நைனா. உனுக்குத் தெரியாததா?"

"சோலோ?"

"அது இல்லாமயா!"

சோலோ முதலில் வரவில்லை. பாட்டுப் பாட்டாகத் தள்ளிப்போயிற்று. ஒரு பாட்டிலேயே கிளாரினெட்டை வைத்துவிட்டு அக்கார்டியனை மாட்டி, அதைக் கழற்றிப் பாங்கோவுக்கு ஓடினேன். முன்வரிசைக் குழந்தைகள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். ஒருவழியாக என் முறை வந்தது. மேண்டலினை எடுத்து மெட்டின் முதல் அடியைத்தான் வாசித்திருப்பேன். பெண்ணின் அப்பா மேடையேறி மைக்கைப் பிடித்தார்.

"பாட்டு கொஞ்சம் நிக்கட்டும் தம்பி. எல்லாரும் சாப்பிட வாங்க, எலை போட்டாச்சு!"

நாற்காலிகள் நகரும் சத்தம் அடங்கியபோது எதிரே பாதிக் கூட்டம்தான் இருந்தது. தலைவர் அடுத்த பாட்டுக்குக் கையசைத்து, அக்கார்டியனைக் காட்டினார். நான் மேண்டலினைப் பெட்டியில் வைத்து மூடினேன்.

"இனிமே மேண்டலின் தவிர எதையும் தொட மாட்டேன். எனக்கு இருக்கிறது ரெண்டு கைதான்."

பாட்டு தொடங்கிவிட்டது. அக்கார்டியன் வரவேண்டிய இடம் வரட்டும், இவர் முழிக்கட்டும் என்று காத்திருந்தேன். பாடகி அந்த இடத்தை 'லலலா' என்று பாடி நிரப்பினார். இருந்த கூட்டம் அதுவரை தட்டாத அளவுக்குக் கை தட்டியது.

"பாத்தியா, இதுவே நல்லாத்தான் கீது" என்றார் தலைவர், உண்மையான சந்தோஷத்தோடு. அவரை என்ன செய்வது?

நான் சொன்ன சொல்லில் நின்றேன். பலன், யாரும் கூப்பிடவில்லை. தலைவர் ஒரு கிடார்காரரைச் சேர்த்துக்கொண்டார். வீட்டில் உட்கார்ந்து மேண்டலினைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் ஒருநாள் எதிர்க் கடை போனுக்கு அழைப்பு வந்தது. பேசியவர் ஒரு சினிமா இசையமைப்பாளரின் உதவியாளர்.

"சார், பேஞ்சோ வாசிப்பீங்களா?"

பேஞ்சோவும் தந்தி வாத்தியம்தான், ஆனால் நான் அதுவரை அதைத் தொட்டதே இல்லை. "ஓ, வாசிப்பேனே" என்றது என் வாய்.

ராயப்பேட்டையில் வாத்தியம் பழுதுபார்க்கும் பாய் ஒருவரிடம் ஒன்றை இரவல் வாங்கி, விரல் காய்க்கும்வரை பழகிக்கொண்டு ரெக்கார்டிங்குக்குப் போனேன். வாசிப்பு சுமார்தான். ஆனால் மறுபடியும் கூப்பிட்டார்கள், அதே பேஞ்சோவுக்கு. சில வருஷம் கோடம்பாக்கத்தில் எனக்குப் பேஞ்சோக்காரர் என்றே பெயர். ஒருவழியாக ஒரே வாத்தியத்தின் பெயரால் கூப்பிடுகிறார்களே என்று சந்தோஷப்படுவதா, போயும் போயும் இதுவா என்று தலையில் அடித்துக்கொள்வதா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.