தப்பான ஆளுக்கு ஒரு டீ

எனக்குக் கோர்வையா எழுத வராது. அஞ்சாவது வரைக்கும்தான் படிச்சேன், அதுவும் இலங்கைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல, கப்பல் ஏறி இங்க வர்றதுக்கு முன்னாடி. இப்ப மறதியும் சேர்ந்துக்கிச்சு. முன்னே பின்னே இருந்தா பொறுத்துக்கணும்.

தேயிலை விலை விழுந்து கிடந்த காலம். குன்னூர்ப் பக்கத்துல எங்க எஸ்டேட். வாரத்துக்கு மூணு நாள்தான் வேலை. கொழுந்தை நிறுத்து வெச்சுட்டு, லாரி எப்ப வரும்னு தெரியாம கொட்டகையில மூட்டை மேல உட்கார்ந்து கிடப்போம். அங்கதான் நான் கதை படிச்சுக் காட்டினேன். ஆள் முகத்தைப் பார்த்துப் பேசணும்னா எனக்கு நாக்கு ஒட்டிக்கும். புத்தகத்தைப் பார்த்துப் பேசணும்னா தாராளமா வரும்.

மாசாமாசம் வர்ற சின்னப் புத்தகம் அது. பழைய பேப்பர் கடையில வாங்குவேன். அட்டை இருந்ததும் இல்லாததுமா முப்பது நாப்பது படிச்சிருப்பேன். எல்லாத்துலயும் ஒரே ஆள்தான். பஸ் கண்டக்டரா இருந்து வேலை போனவர். ஜாமீன்ல வெளியே வந்து தலைமறைவானவங்களைத் தேடிப் பிடிச்சுக் கொடுத்து, அந்தக் கூலியில பிழைக்கிறவர். வீரமெல்லாம் கிடையாது. துரத்தும்போது ஒத்தைச் செருப்பைத் தொலைப்பார். முதல்ல தப்பான ஆளைப் பிடிப்பார். வெட்கப்பட்டு அந்த ஆளுக்கு ஒரு டீ வாங்கித் தருவார். கடைசியில சரியான ஆள் எப்படியோ சிக்கும்.

ஒவ்வொரு புத்தகத்துலயும் இதேதான்.

“இன்னிக்குச் செருப்பு எங்கக்கா போகுது? சாக்கடையிலயா?”

“போன தடவைதான்டி சாக்கடை. இந்த வாட்டி கோயில் வாசல், பாரு.”

அதுல அப்படி என்ன ருசின்னு இப்ப யோசிக்கிறேன். அடுத்த மாசம் விலை ஏறும், அடுத்த மாசம் ஏறும்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. ஏறலை. கண்டக்டர் செருப்பு மட்டும் சொன்ன மாதிரி தொலைஞ்சுது.

எல்லாரையும் விடப் பெரிசா சிரிச்சது, எஸ்டேட் ஆளுங்க வரிசையாக் குடியிருக்கிற லயத்துல எனக்கு அடுத்த வீட்டுக்காரி. அவ புருஷன் திருப்பூர்ல வேலை கிடைச்சாச்சுன்னு இறங்கிப் போய் ரெண்டு மாசம் ஆச்சு. ஒரு கடுதாசி இல்லை. ஆள் இருக்காரா, இல்லை வேற குடும்பம் வெச்சுட்டாரான்னு அவளுக்குத் தெரியாது. கொட்டகையில சிரிச்சவ, அடுப்பு பத்த வைக்கிற நேரம் அழுவா. நடுவுல ஒரு சுவர்தான், எனக்குக் கேட்கும்.

ஒரு நாள் அவளே கேட்டா. “அக்கா, உங்க கண்டக்டரு எங்க வீட்டுக்காரரைத் தேடித் தருவாரா?”

“செருப்பு நீதான்டி வாங்கித் தரணும்”னு ஒருத்தி சொன்னா. எல்லாரும் சிரிச்சாங்க.

எனக்குச் சிரிப்பு வரலை. கண்டக்டர் என்ன கேட்பார்னு யோசனை ஓடுச்சு. ஓடின ஆள் எங்கே போனார்னு அவர் கேட்க மாட்டார். எது இல்லாம அந்த ஆளால இருக்க முடியாதுன்னுதான் கேட்பார். புத்தகத்தைப் பார்த்துக்கிட்டே நானும் அதைக் கேட்டேன்.

“தேங்காய் ரொட்டியும் கட்டைச் சம்பலும். சோறு இல்லாட்டியும் அது வேணும் அந்த மனுசனுக்கு.”

இலங்கையில இருந்து வந்த எங்க வாய்க்கு அந்த ரொட்டியும், மிளகாய் வெங்காயம் இடிச்ச அந்தச் சம்பலும்தான் பிடிக்கும். திருப்பூர்ல அதை யார் சுட்டுத் தருவா? குந்தாவுல, கரண்டு வேலை நடக்கிற பக்கம், நம்ம ஊர்க்காரி ஒருத்தி அந்த ரொட்டி போட்டுக் கடை வெச்சிருக்கான்னு, ஊர் ஊராப் போய் விக்கிற கூடைக்காரம்மா ஒருத்தங்க சொன்னாங்க. ஆள் அந்தப் பக்கம்தான் இருக்கணும்னு எனக்குப் பட்டுச்சு.

வேலை இல்லாத நாளாப் பார்த்து ரெண்டு பேரும் குந்தாவுக்குப் போற மஞ்சூர் பஸ் ஏறினோம். கடையில பழுப்பு ஸ்வெட்டரும் மஃப்ளருமா ஒருத்தர், முதுகைக் காட்டிக்கிட்டு ரொட்டி தின்னுக்கிட்டிருந்தார். இவ போய் ஸ்வெட்டரைப் பிடிச்சு இழுத்து, “தொண்டையில இறங்குதா?”ன்னா. திரும்பினது வேற முகம்.

“ஏனுங்க, காசு குடுத்துத்தானுங்க திங்கறேன்”னார் அவர். கோயமுத்தூர்ப் பக்கத்து ஆள்.

இவ கல்லாட்டம் நின்னுட்டா. பேச வேண்டியவ நானாகிட்டேன். நாக்கு ஒட்டிக்கிச்சு. அப்புறம் கடைக்காரியைப் பார்த்து, “இவருக்கு ஒரு டீ”ன்னேன். அதுக்கு மேல வரலை.

டீ உள்ளே போனதும் அவர் சிரிச்சார். விஷயத்தை இவ சொன்னா. “இதே கலர் ஸ்வெட்டர்ல ஒருத்தர் எங்ககூட வாய்க்கால் தூர் வாருறாருங்க. நாலு மணிக்கு ரொட்டிக்கு வந்துருவாரு. உக்காருங்க”ன்னார்.

நாலு மணிக்கு வந்தார். திருப்பூர் வெக்கையில ஒரு வாரம் தாங்கலையாம். லயம் முழுக்கச் சொல்லிக்கிட்டு இறங்கினவருக்கு வெறுங்கையோட மேலே ஏறி வர வெட்கம். தலையைத் தொங்கப் போட்டு நின்னார்.

“நான் சுட்டா கருகுதோ?” இவ கேட்டது அது ஒண்ணுதான்.

“உன் சம்பல்ல உப்புக் கம்மி”ன்னார்.

மஞ்சூர்ல இருந்து குன்னூர் வரைக்கும் ஏசிக்கிட்டே வந்தா. அவர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, சந்தோஷமா வாங்கிக்கிட்டே வந்தார்.

லயத்துல எல்லாரும் வெளியே வந்தாங்க. அவரை யாரும் முதல்ல பார்க்கலை. என் காலைத்தான் பார்த்தாங்க. “என்னக்கா, ரெண்டு செருப்பும் இருக்கே?”ன்னாங்க. அன்னிக்கிருந்து எனக்குக் கண்டக்டரம்மான்னு பேர். அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா கொஞ்சம் பேச்சும் வரும்.

ஒரு சந்தேகம் மட்டும் இருக்கு. தப்பான ஆளுக்கு டீ வாங்கித் தர்றது நிஜமாவே அந்தப் புத்தகங்கள்ல உண்டா? இல்லை, நான் செஞ்சதைப் பிறகு கதையில சேர்த்துக்கிட்டேனா? பழசு யார் வீட்டுலயாவது கிடந்தா எடுத்துப் பார்த்துச் சொல்லுங்க. செருப்பு சரிதான், அது எனக்கு நல்லாத் தெரியும். டீயை மட்டும் பாருங்க.