சனிக்கிழமைகளில் மயானம்

என் கணவருக்குச் சனிக்கிழமை காலையில் ஷிப்ட் என்றுதான் முப்பது வருடமாக நம்பியிருந்தேன். முழங்கால் ஆபரேஷன் முடிந்து அவர் கட்டிலில் கிடந்தபோதுதான் குட்டு உடைந்தது.

"இஞ்சேரும், இண்டைக்கு நீர் அந்த மயானத்துக்குப் போக வேணும். கல்லில்லாத குழியளுக்குப் பேர்ப்பலகை நடுகினம். பிள்ளையின்ர இடம் எனக்கு மட்டும்தான் தெரியும். வாசல் மரத்தில இருந்து பதினொரு காலடி."

பிறந்து பத்தொன்பது நாளில் போன எங்கள் முதல் பிள்ளை. பெண்கள் மயானத்துக்குப் போவதில்லை என்று என்னை வீட்டில் இருத்திவிட்டு, ஆம்பிளைகள் கொண்டுபோய்ப் புதைத்தார்கள். பிறகு மனுசன் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. கல்நெஞ்சன் என்று எத்தனை தரம் திட்டியிருப்பேன்!

லண்டனில் குரொய்டனுக்கு அப்பால், பஸ் கடைசியாக நிற்கும் இடத்தில் அந்தச் சின்ன மயானம். வாசலில் நின்ற வெள்ளைக்கார அம்மா அதன் கதையைச் சொன்னார். அந்தப் பக்கம் காடாகக் கிடந்த காலத்தில், காடு வெட்டி முதன்முதலில் வயல் செய்த நாலைந்து குடும்பங்கள் தங்கள் சனத்துக்காக ஒதுக்கிய நிலமாம்; பிறகு வெளியாட்களுக்கும் இடம் கொடுத்தார்களாம். இப்போது அவர்களைத் தேடிவர ஒருவருமில்லை. பாசி சுரண்டி, புல் வெட்டுவது இந்த அம்மாவும் இன்னும் சில பேரும்தான். அதில் என் மனுசனும் ஒருவர். வீட்டில் ஒரு கோப்பை கழுவாதவர்! அடேயப்பா, யாரோ ஒரு உழவனின் கல்லை எப்படித் தேய்த்து வைத்திருந்தார்.

பதினொரு காலடி நடந்தேன். என் சின்னக் கால்களுக்கு அது நடைபாதையிலேயே முடிந்தது. இடத்தைக் காட்டாவிட்டால் பிள்ளை வெறும் புல்லாகவே போய்விடுமே!

உங்கள் கணவர் ஒரு இடத்தில் மட்டும் சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் புல் வெட்டுவார் என்று சொல்லி, அந்த அம்மா என் கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். நானும் சப்பாத்தைக் கழற்றினேன். புல் ஈரமாக இருந்தது.

பலகையில் என்ன பெயர் எழுத என்று கேட்டார். முப்பத்தோராம் நாள்தானே எங்களில் பெயர் வைப்பது? பிள்ளைக்குப் பெயரே இல்லை. வீட்டுக்குப் போன் எடுத்தேன்.

"இஞ்சேருங்கோ, பிள்ளைக்குப் பேர் கேக்கினம்."

அவர் ஒரு கணமும் யோசிக்கவில்லை. சொன்னார். நான் ஒரு நாளும் கேட்டிராத பெயர்.

"இது எப்ப வைச்சனீங்கள்?"

"அண்டைக்கே, குழிக்குள்ள இறக்கேக்க. பேரில்லாமல் எப்பிடியப்பா விட்டிட்டு வாறது?"

அழுதுகொண்டே ஒவ்வொரு எழுத்தாக அந்த அம்மாவுக்குச் சொன்னேன்.