அம்சாவுக்காக ஒரு புகையடுப்பு

காஞ்சிபுரத்தை ஒட்டிய ஓரிக்கையில் வந்து கிறிஸ்டோபர் வீடு எது என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். கேட்டுக்காரர் என்று கேட்டால் கையைப் பிடித்துப் பட்டறை வாசலில் கொண்டுவந்து விடுவார்கள். இந்தப் பக்கம் புது வீடு கட்டுகிறவர்களுக்கு ஒரு பைத்தியம் உண்டு. பெண்ணின் கல்யாணப் புடவையில் என்ன பார்டர் வந்ததோ, அதே பார்டர் வாசல் கேட்டிலும் வரவேண்டும். முந்தானையைப் போனில் படமெடுத்துக்கொண்டு வந்து நீட்டுவார்கள். பட்டு நூலில் வருகிற மாங்காயும் ருத்திராட்சமும் இரும்புக் கம்பியில் மட்டும் வராமலா போய்விடும் என்று அவர்களுக்கு நினைப்பு. கிறிஸ்டோபரும் முடியாது என்று ஒருவரையும் திருப்பி அனுப்பியதில்லை. வளைத்துக் கொடுத்துவிடுவார், அதுவும் பார்த்தவர்கள் தொட்டுப் பார்க்கிற மாதிரி.

சொன்ன தேதிக்கு மட்டும் கொடுக்கமாட்டார். வெல்டிங் வைத்த இடம் விரலில் தட்டுப்படக் கூடாது அவருக்கு. தட்டுப்பட்டால் அரைத்துவிட்டு மறுபடி வைப்பார். கிரகப்பிரவேசத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் வாசலில் கேட் இருக்கவேண்டிய இடத்தில் ஷாமியானா துணி தொங்குவதைப் பார்த்தாலே, ஓ, கேட்டுக்காரர் வேலையா என்று சிரித்துக்கொண்டு உள்ளே போவார்கள்.

"நீ கேட்டு மாட்றதுக்குள்ள அந்தூட்டு மருமவளுக்குப் பேரனே பொறந்துடும்யா" என்பாள் அவர் மனைவி அம்சா. அவள் காந்தி ரோட்டில் ஒரு பட்டுப்புடவைக் கடையில் வேலை பார்த்தாள். வாடிக்கையாளர் முன்னால் புடவையை விசிறிப் போட்டு, அவர்கள் வாயைத் திறக்கும் முன்னே இதுதான் உனக்கு என்று சொல்லிவிடுகிற ஆள். குரல் அப்படி. தெருக்கோடியில் பேசினால் பட்டறையில் கிரைண்டர் சத்தத்தையும் மீறிக் கேட்கும். மெதுவாகப் பேசுடி என்று கிறிஸ்டோபர் அவளிடம் சொல்லாத நாள் இல்லை.

அந்தத் தொண்டையில்தான் கட்டி வந்தது.

கேன்சர் என்று கரண்ட் வைத்தார்கள், ரேடியேஷனுக்கு இங்கே அதுதான் பேர். கழுத்துத் தோல் கருகி உரிந்தது. குரல் போய் காற்று மட்டும் வந்தது. அதைவிட அவளுக்குப் பெரிய அடி, நாக்கில் ருசி செத்துப்போனதுதான். ரசம் வைத்தாலும் வெந்நீர்தான், ஆரஞ்சு பிழிந்தாலும் வெந்நீர்தான். கரண்ட் நின்றால் ருசி மெல்லத் திரும்பும் என்று டாக்டர் முதலில் சொன்னார். பிறகு ஒருநாள் கிறிஸ்டோபரைத் தனியாகக் கூப்பிட்டு, கட்டி பரவிவிட்டது, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், பிடித்ததைச் செய்து கொடுங்கள் என்றார். பிடித்ததைச் செய்து கொடுங்கள் என்று டாக்டர் சொன்னால் என்ன அர்த்தம் என்று அவருக்கும் தெரியும். பஸ்ஸில் வரும்போது அம்சா அவர் முகத்தைப் பார்த்தாள்.  அவளுக்கும் தெரிந்துவிட்டது.

பிடித்தது என்ன என்று மகள் திரிஷா கேட்டுப் பார்த்தாள். ஸ்ரீபெரும்புதூரில் போன் கம்பெனி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள், லீவு போட்டுவிட்டு அம்மா பக்கத்திலேயே இருந்தாள். அம்சா யோசித்து யோசித்துக் கடைசியில் சொன்னாள்.

"உப்புக்கண்டம் துன்னணும் போல இருக்குது. வெயில்ல காய வச்சது இல்ல. அடுப்புக்கு மேல கயித்துல தொங்கவுட்டு, பொகையிலயே காஞ்சது. அது மட்டும் நாக்குக்குத் தெரியும்னு தோணுது."

திருமுக்கூடலில் அவள் அம்மா வீட்டில் அப்படித்தான் செய்வார்களாம். மாட்டுக்கறியைக் கயிறு மாதிரி நீளமாக அரிந்து, உப்பும் மஞ்சளும் மிளகாயும் பூண்டும் தடவி, விறகடுப்புக்கு மேலே கொடிகட்டித் தொங்கவிடுவார்கள். இங்கே வீட்டில் இருப்பது கேஸ் அடுப்பு. அதில் ஏது புகை?

கிறிஸ்டோபர் எழுந்து பட்டறைக்குப் போனார். ஆஸ்பத்திரியில் அவர் செய்ய ஒன்றும் இருந்ததில்லை. டோக்கன் வாங்குவார், பெஞ்சில் உட்காருவார், கையைத் தொடை மேல் வைத்துக்கொண்டிருப்பார். இப்போதுதான் அந்தக் கைக்கு ஒரு வேலை வந்தது. பாவம், மனுஷன் அன்றைக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தார்.

போனில் தேடினார். தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரர் எண்ணெய் டிரம்மைப் படுக்கவைத்து, வெட்டி, மூடியும் புகைபோக்கியும் வைத்துப் புகையடுப்பு செய்து காட்டினார். அதற்கென்று அவர்கள் ஊரில் பெரிய மதிப்போடு விற்கிற விறகைக் கையில் எடுத்து முத்தம் கொடுக்காத குறையாகப் பேசினார். திரிஷா அது என்ன மரம் என்று தேடிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். நம் பாலாற்றை வளைத்துப் போட்டிருக்கிற சீமைக்கருவேலம் இருக்கிறதே, அதற்குச் சொந்தக்கார மரம்தானாம். ஊரெல்லாம் சபித்து வெட்டிப் போடுகிற முள்.

விறகுக்குக் கவலை இல்லை. டிரம்தான் வேண்டும். காஞ்சிபுரத்தில் டிரம் என்றால் யாருக்கும் முதலில் ஞாபகம் வருவது சாயப்பட்டறை. சாயப்பட்டறைக்குப் பின்னால் காலி டிரம் எப்போதும் உருண்டு கிடக்கும். தண்ணீர் பிடிக்க, சிமெண்ட் கலக்க, குப்பை கொளுத்த என்று ஊரே அதைத்தான் கொண்டுபோகும். கிறிஸ்டோபரும் யோசிக்காமல் ஒன்றை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். மூடிய டிரம்மை அப்படியே வெட்டினால் உள்ளே இருக்கும் ஆவி பிடித்து வெடிக்கும் என்பதால், முழுக்கத் தண்ணீர் நிரப்பிவிட்டு மேல் பக்கமாக வெட்ட ஆரம்பித்தார். நடுவில் பிளந்து கீல் வைத்தார். கால் வைத்தார். பக்கத்தில் விறகு எரிய ஒரு பெட்டி.

"இன்னாயா பண்ற?" என்று கிரைண்டர் நின்ற நேரம் பார்த்து அம்சா ஜன்னல் வழியாகக் காற்றுக் குரலில் கேட்டாள். கட்டில் ஜன்னல் ஓரத்தில் இருந்தது. பட்டறை எதிரிலேயே.

"உனக்குத்தான்மே."

"மூணு செங்கல்ல வச்சி, மேல ஒரு கொடி கட்டுனா போதாதா?"

"சும்மா இரு. செய்யறத உருப்படியா செய்வோம்."

டிரம் உள்ளே பூசியிருந்ததை எரித்தெடுக்க விறகு போட்டுக் கொளுத்தினார். தீக்குச்சி மருந்து மாதிரி ஒரு நெடி கிளம்பி மூக்கை அறுத்தது. மறுநாளும் கொளுத்தினார், அதற்கு மறுநாளும். நெடி குறைந்தது, போகவில்லை. உள்ளே கம்பியால் சுரண்டினால் பச்சையாகத் தூள் வந்தது. வேறு யாராக இருந்தாலும் போதும் என்று விட்டிருப்பார்கள். இவர் அந்த டிரம் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அம்சாவின் தொண்டையை நினைத்தார். இந்த விஷத்திலா அவளுக்குக் கறி சுடுவது? எடுத்து வந்தபோதே இது புத்தியில் உறைத்திருக்க வேண்டாமா என்று தன்னையே திட்டிக்கொண்டார். ஒரு வாரத்து வேலையை இழுத்துப்போய்ப் பழைய இரும்பில் போட்டார்.

சமையல் எண்ணெய் மண்டியில் சொல்லிவைத்து இன்னொரு டிரம் வர நாளானது. மறுபடி தண்ணீர், மறுபடி வெட்டு, மறுபடி கீல். புகைபோக்கிக்குப் பட்டறையிலேயே பைப் கிடந்தது. ஆனால் அது துத்தநாகம் பூசிய பைப். அதைச் சூடுபடுத்தினால் வரும் புகை ஆளையே காய்ச்சலில் தள்ளும் என்பது வெல்டிங்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். பூச்சில்லாத கறுப்புப் பைப் தேடி அலைந்தார். கறி தொங்க எவர்சில்வர் கம்பி. மூடி இடுக்கில் புகை கசிந்தது, தட்டித் தட்டிச் சரிசெய்தார். எல்லாம் முடிந்ததும் பார்த்தால், ஒரு வெல்டிங் மேடாக இருந்தது. அரைத்தார்.

கட்டிலில் அம்சா இளைத்துக்கொண்டே போனாள். முதலில் சோறு நின்றது, பிறகு இட்லி நின்றது, பிறகு கஞ்சி. அந்தக் கஞ்சியும் பாதி வெளியே வந்தது.

"அந்தாளு எங்கடி?" என்று மகளைக் கேட்பாள்.

"டிரம்மாண்ட இருக்குதுமா."

"செத்த நேரம் வந்து ஒக்காரச் சொல்லேன்."

திரிஷா போய்ச் சொல்வாள். இதோ வரேன் என்பார். கண்ணாடியைக் கழற்றாமலே சொல்வார். அவர் வராமல் இருந்ததற்குக் காரணம் டிரம் மட்டும் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தால் அவருக்கு அழுகை வந்துவிடும். இரும்பு முன்னால் உட்கார்ந்தால் கண் சிவந்திருப்பதற்கு வெல்டிங் வெளிச்சம் என்று ஒரு சாக்கு இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அடுப்பு தயாரானது. கோயிலுக்குப் போகவில்லை. விடிந்ததும் கறிக்கடைக்குப் போய் எலும்பில்லாத தொடைக்கறியாகப் பார்த்து வாங்கிவந்தார். எப்படி அரிவது என்று அம்சாவைக் கேட்கலாம் என்று உள்ளே போனார். அவள் கண் மூடியிருந்தாள். மூச்சு ஏறி இறங்குவதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து தானே அரிந்தார். இருபத்திரண்டு வருஷக் குடும்பத்தில் அவர் மசாலா தடவியது அன்றுதான். மஞ்சள் போட்டார், மிளகாய்த்தூள் போட்டார், பூண்டு நசுக்கிப் போட்டார். மனசெல்லாம் வெளியே இருந்தது, தீ பிடித்ததா, மூடியில் வைத்த சூட்டுமானியின் முள் ஏறுகிறதா என்று. ஒவ்வொரு துண்டாகக் கம்பியில் கோத்துத் தொங்கவிட்டு மூடியைச் சாத்தினார்.

அன்றைக்கு அந்த அடுப்பு எப்படி வேலை செய்தது தெரியுமா! ஒரு இடுக்கில்கூடக் கசியவில்லை. சீமைக்கருவேலம் நிதானமாகக் கனன்றது. நீலமாக, நூல் மாதிரிப் புகை புகைபோக்கியில் மட்டும் ஏறியது. சாயங்காலம் மூடியைத் திறந்தபோது கறி கறுத்துச் சிவந்து, கயிறு கயிறாகத் தொங்கியது. தெருவில் போனவர்கள் நின்று மூக்கை உறிஞ்சினார்கள்.

"வாசன வருதுய்யா" என்றாள் அம்சா. ஜன்னலுக்கு அந்தப் பக்கமிருந்து அது அவருக்குக் கேட்டது. எத்தனையோ நாளைக்குப் பிறகு கேட்கிற மாதிரிப் பேசியிருந்தாள்.

ஒரு துண்டை இடித்து, பஞ்சு மாதிரிப் பிய்த்து, கஞ்சியில் போட்டு வேகவைத்து மசித்தார். வாயெல்லாம் புண்ணாக இருந்ததால் அந்தக் கஞ்சியில் ஒன்றும் சேர்ப்பதில்லை, வெறும் அரிசிதான். அவளைத் தூக்கித் தன் தோளில் சாய்த்து வைத்துக்கொண்டு கால் ஸ்பூன் ஊட்டினார். அம்சா அதை வாயில் வைத்துக்கொண்டே இருந்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். கழுத்தில் நரம்பு புடைக்க விழுங்கினாள்.

"எப்டிமே இருக்குது?"

"எங்கம்மா கையில துன்னாப்பல இருக்குது." மூச்சு வாங்கிக்கொண்டாள். "உப்பு மட்டும் கரிக்குதுய்யா. அடுத்த வாட்டி கொறச்சிப் போடு."

கிறிஸ்டோபர் ஸ்பூனைக் கிண்ணத்தில் போட்டார். கிண்ணத்தைக் கட்டில் மேலேயே வைத்தார். அவளைத் தலையணையில் சாய்த்துவிட்டு வெளியே ஓடினார். திரிஷா அடுப்பு பக்கத்தில் நின்று ஒரு துண்டை மென்றுகொண்டிருந்தாள்.

"கண்ணு, உங்கம்மாவுக்கு நாக்கு வந்துடுச்சி! உப்பு கரிக்குதுன்றா! டாக்டருக்குப் போன் பண்ணு, ருசி தெரியுதுன்னு சொல்லு!"

திரிஷா மெல்லுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். 

"இன்னாடி?"

"நீ இதுல உப்பே போடலப்பா."

அவர் நம்பவில்லை. கம்பியிலிருந்து ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டார். புகை இருந்தது, காரம் இருந்தது. இன்னொன்றைப் பிய்த்துப் பார்த்தார், இன்னொன்று. எதிலும் ஒரு கல் உப்பு இல்லை.

ஒன்றும் தெரியவில்லை அவளுக்கு. கஞ்சி மாதிரியே அதுவும் வெந்நீர்தான். நல்லாயிருக்கிறது என்று மட்டும் சொன்னால் இந்த மனுஷன் நம்பமாட்டான் என்று, குறை ஒன்றைத் தேடிப் பிடித்துச் சொல்லியிருக்கிறாள். கிறிஸ்டோபர் தலையில் அடித்துக்கொண்டார். உப்புக்காக அடித்துக்கொள்ளவில்லை. முதல் நாளே மூன்று செங்கல் வைத்திருந்தால், அவள் விழுங்கிக்கொண்டிருந்த நாளிலேயே கொடுத்திருக்கலாம். அப்போதும் ருசி தெரிந்திருக்காதுதான். ஆனால் அத்தனை நாளும் பக்கத்திலாவது உட்கார்ந்திருக்கலாமே. தோளைப் பிடிக்க வந்த மகளைத் தள்ளிவிட்டு அந்தச் சூடான அடுப்பு முன்னால் நின்று சத்தம் வராமல் அழுதார்.

"யோவ்" என்று உள்ளேயிருந்து காற்றாகக் குரல் வந்தது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு போனார்.

"ஏன்யா ஓடிட்ட? நீ துன்னு பாத்தியா? கரிக்குதா இல்லியா?"

"ஆமாமே. கை கூடிப்போச்சி. அடுத்த வாட்டி கொறச்சிப் போடறேன்."

"அதான் சொன்னேன்" என்றாள் அம்சா.

அவர் கட்டிலில் ஏறி உட்கார்ந்து அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டார். கிண்ணத்தை எடுத்தார். அவள் வாயைத் திறந்தாள்.