நாலணாவும் ஒரு படி அரிசியும்

ஜெயம்மாளின் உள்ளங்காலில் இருந்தது தோல் இல்லை, லாடம். பன்னிரண்டு வருஷமாகத் திருத்தணி ரயிலடி அரிசி மில்லில், கொதிக்கிற களத்தில் அவித்த நெல்லைக் காலால் கிண்டிக் காயவைத்தவளுக்கு வேறு எப்படி இருக்கும்? பொழுது சாய்ந்தால் குவித்து அளந்த ஒரு படி அரிசி கூலி. அதில்தான் அவளும் மூன்று பிள்ளைகளும் கஞ்சி குடித்தார்கள்.

யுத்தத்தில் அரிசிக்குக் கட்டுப்பாடு வந்த வருஷம், முதலாளி ஆதிகேசவனுக்குத் திடீரென்று நாகரிகம் வந்துவிட்டது. களத்துப் பெண்கள் பதினாலு பேரையும் கூப்பிட்டார்.

"இனிமே அரிசி கெடையாது. பட்டணத்து மில்லு மாதிரி ரொக்கம். தினம் நாலணா."

நாலணாவுக்குக் கடையில் கால்கடுக்க நின்றாலும் அரைப்படி கிடைக்காது. தெரியாமலா சொன்னார்? மிச்சம் பிடித்த அரிசி எந்த வாசல் வழியாக, என்ன விலைக்குப் போனது என்று ஊருக்கே தெரியும்.

"நாலணாவ ஒலையில போட்டா வேவுமா, மொதலாளி?" என்றாள் ஜெயம்மாள்.

"அரிசி சர்க்காருதுடி. நான் இன்னா பண்றது?"

"உங்க ஊட்டு ஒலையில மட்டும் இன்னா, கருங்கல்லா வேவுது?"

மேஸ்திரி சேட்டு பாய்ந்தான். "வாய அடக்கு! இஷ்டம் இல்லன்னா அரக்கோணத்தாண்ட மிலிட்டரிக்கு மண்ணு சொமக்கப் போ."

ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு நாலணா வாங்கினாள். எட்டாம் நாள் மத்தியானம், களம் முழுக்க நெல் பரப்பிக் கிடக்க, நகரி மலைப் பக்கம் கறுத்தது. அவித்த நெல் நனைந்தால் நாறிப் போகும், பன்றிகூட மோந்து பார்க்காது. மேகத்தைக் கண்டால் யாரும் சொல்லாமலே பெண்கள் நெல்லைக் குவிக்கிற தள்ளுபலகைக்கு ஓடுவார்கள். அன்று ஜெயம்மாள் தன் பலகையைக் கீழே போட்டு அதன் மேலேயே உட்கார்ந்தாள். பக்கத்தில் அன்னம்மாளும் மில் வாசலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தாள். பிறகு எல்லோரும்.

ஆதிகேசவன் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். "எழுந்திருங்கடி! அம்பது மூட்டைடி!"

"ஆங், தெரியுது. சர்க்காருதுதானே? சர்க்காரே வந்து வாரட்டும்."

முதல் துளி அவர் வழுக்கையில் விழுந்தது. "சரிடி, படி அரிசியே தரேன்!"

"மலையப் பாத்துச் சொல்லுங்க."

முருகன் கோயில் பக்கம் திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னார். கால் மணியில் நெல் கூரைக்குள் போனது. அன்று மாலையே பதினாலு மடியிலும் அரிசி.

மறுநாள் காலை வாசலில் சேட்டு குறுக்கே நின்றான். "எல்லாரும் உள்ள போலாம். ஜெயம்மா மட்டும் வேணாம். அரிசி தரேன்னுதான் மொதலாளி ஆணை வச்சாரு. உனக்கு வேலை தரேன்னு வைக்கலியே?"

பெண்கள் அசையவில்லை. "நாங்களும் போவலக்கா" என்று அன்னம்மாள் அழுதாள். இடுப்பில் அவள் குழந்தை விரல் சப்பிக்கொண்டிருந்தது. இந்த வீறாப்பு எத்தனை நாளைக்கு என்று ஜெயம்மாளுக்குத் தெரியும்.

"போங்கடி உள்ள! அழுதுகினு போவாதீங்க, தலைய நிமித்திகினு போங்க. அந்த நாய் தலை தட்டி அளந்தா வாங்காதீங்க. குவிச்சு அளக்கச் சொல்லுங்க!"

அரக்கோணம் ரோட்டில் நடந்தாள். மிலிட்டரியில் இரண்டு வருஷம் மண் சுமந்தாள். யுத்தம் முடிந்ததும் அங்கேயும் ஒரே நாளில் போ என்றார்கள். மில்லில் மட்டும் படியைக் குவித்தே அளந்தார்கள். அளந்தவன் சேட்டுதான்.