ஒரே இடத்துக்கு மூன்று தடவை

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் விரிப்பு மடிக்கிற அக்காவுக்குக் குர்ஆன் முழுக்க மனப்பாடம். பன்னிரண்டு வயதில் நெஞ்சில் ஏற்றியது. ஏற்றுவதுகூடப் பெரிசில்லை, காப்பாற்றுவதுதான் பெரும்பாடு. தினமும் ஒரு பாகம் ஓதியாக வேண்டும். முப்பது நாளில் முப்பது பாகம், மறுபடி முதலிலிருந்து. காய்ச்சலென்றாலும் கல்யாணமென்றாலும் லீவு கிடையாது; வேலை நாளில் விரிப்பு மடித்தபடியே வாய்விட்டு ஓதுவாள். வயது ஐம்பத்தாறு ஆகிவிட்டது.

எதிர் மேசைக்காரி துண்டு மடிப்பவள். துண்டுக்கு ஒரு மந்திரம், நூற்றெட்டுத் துண்டு ஒரு கட்டு. சூப்பர்வைசருக்கு எண்ணுகிற வேலை மிச்சம்!

"உனக்கென்னடி, ஒரே வரி. என் பாட்டைப் பாரு!" என்று சீண்டுவாள் அக்கா.

"ஒரே வரியில மனசை நிறுத்திப் பாருங்க, அப்பத் தெரியும் சேதி."

பதினோரு வருஷமாக இதே கேலிதான்.

குர்ஆனில் ஒரே மாதிரி வரிகள் பல இடத்தில் வரும். கவனம் பிசகினால் ஓர் அத்தியாயத்தில் நுழைந்தவர் இன்னொன்றுக்குள் போய்விடுவார். மனப்பாடக்காரர் எல்லோருக்கும் நேர்கிற சறுக்கல்தான், சட்டென்று சுதாரித்துத் திரும்பிவிடுவார்கள். கொஞ்ச நாளாக அக்கா திரும்புவதில்லை. வீட்டில் மூச்சு விடவில்லை. நெஞ்சில் வைத்ததை மறந்தால் படைத்தவனிடம் எந்த முகத்தோடு போய் நிற்பது?

அன்று எதிர் மேசைக்காரி துண்டைக் கீழே வைத்தாள். "அக்கா, இதே இடத்துக்கு மூணாவது தடவையா வர்றீங்க."

"உனக்கென்னடி தெரியும்? உன் துண்டைப் பாரு!"

வெடுக்கென்று சொல்லிவிட்டாளே தவிர, கை ஓடவில்லை. மூன்றா? ஒரு தடவைதானே வந்தேன்?

"அர்த்தம் தெரியாதுக்கா. இத்தனை வருஷமா கேக்கறேன்ல, ஓட்டம் தெரியும். இங்க வந்ததும் நீங்க மூச்சைப் பிடிச்சு இப்படிப் போவீங்க." தயங்கித் தயங்கி நாலு சொல் சொன்னாள். உச்சரிப்பு படுமோசம்.

அக்கா கை, முகம், கால் கழுவி ஒளு செய்துவிட்டு வந்து, பையிலிருந்த குர்ஆனைப் பிரித்தாள். நாலு சொல்லும் அதே வரிசையில் இருந்தன. நாற்பத்து நாலு வருஷம் ஓதிய சொற்கள், இன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்ப்பதுபோல் இருந்தன. பயந்துபோய்ப் புத்தகத்தை மூடிவிட்டாள்.

"சரியாத்தான் சொன்னே. அடுத்தது சொல்லு."

"ஐயோ, எனக்கு அவ்வளவுதான் தெரியும்கா."

"தெரியும்டி. தினமும் கேக்கறேல்ல?" அக்கா அவள் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். "நல்லா யோசிச்சுப் பாரு."