ஆறிய கஞ்சியும் கொத்தவரை வேரும்

என் வீட்டுக்காரருக்கு எதிலும் பொறுமை கிடையாது. ரெட்டியார்சத்திரம் பக்கம் எங்கள் தோட்டத்தில் தக்காளி இரண்டு தடவை கையைக் கடித்ததும், "கொத்தவரை போட்டுப் பாப்போம். இதுவும் போச்சுன்னா தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுட்டு நான் திருப்பூர் போறேன்" என்று சொல்லிவிட்டார். அங்கே பனியன் கம்பெனியில் அவருடைய சிநேகிதர் வேலை பேசி வைத்திருந்தார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

விதையோடு கலக்க நுண்ணுயிர் உரம் இரண்டு பாக்கெட் வாங்கி வந்தேன். வடிகஞ்சியை நன்றாக ஆறவைத்து, அந்தக் கருப்புப் பொடியைக் கரைத்து, விதையைப் புரட்டி நிழலில் உலர்த்த வேண்டும். ஒரு பாக்கெட்டை அப்படிச் செய்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனேன். திரும்புவதற்குள் இன்னொன்றை இவர் அப்போதுதான் வடித்த கஞ்சியில் கொட்டிக் கலக்கியிருந்தார்.

"ஐயோ, அம்புட்டும் உசுருங்க! கொதிக்கிற கஞ்சியிலயா போடுவாக?"

"ஆற வச்சுட்டுத்தானே வெதையப் போட்டேன்? பொடிக்கு என்ன சூடு, குளிரு? போ புள்ள."

மேலே பேசினால் சண்டைதான். அவர் புரட்டிய விதையை மேல்பாதியிலும் என்னுடையதைக் கீழ்ப்பாதியிலும் ஊன்றினோம்.

பூவெடுக்கும் சமயத்தில் கீழ்ப்பாதி கரும்பச்சையாக நின்றது. மேல்பாதியோ காமாலை கண்ட மாதிரி வெளுத்துக் கிடந்தது. "மேல தண்ணி சரியாப் பாயல" என்று சாதித்தார். எனக்கு வந்ததே கோபம்! பாதிக்கு ஒரு செடியாகத் தோண்டியெடுத்து, வாய்க்காலில் வேரை அலசி, அவர் முன்னால் போட்டேன்.

மேல்பாதிச் செடியின் வேர் மொட்டையாக இருந்தது. கீழ்ப்பாதிச் செடியில் பாசிப்பயறு அளவுக்கு முடிச்சு முடிச்சாகத் தொங்கியது. ஒன்றை நகத்தால் கிள்ளினேன். ஆத்தாடி! உள்ளே ரத்தம் ஓடுகிற சதை போல இளஞ்சிவப்பு. அந்த நுண்ணுயிர்கள் குடியிருந்து, காற்றிலிருக்கும் சத்தை இழுத்துச் செடிக்கு ஊட்டுகிற இடம் அதுதான் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஆனால் அது சிவந்திருக்கும் என்று யாரும் சொன்னதில்லை. இத்தனை நாளும் எங்கள் காலுக்குக் கீழே இப்படியொரு வேலை நடந்திருக்கிறதே என்று நினைத்ததும் உடம்பு சிலிர்த்துவிட்டது.

இவரும் ஒரு முடிச்சைக் கிள்ளி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"அப்ப நாந்தான் அம்புட்டையும் வேக வச்சுட்டேனா?"

"ஆமா. உப்பு மட்டுந்தான் போடல."

அந்த நேரம் பார்த்து செல்போன் அடித்தது. திருப்பூர் சிநேகிதர்தான். என்றைக்கு வருகிறாய் என்று கேட்டிருப்பார் போல.

"வரலப்பா" என்றார், உள்ளங்கையிலிருந்து கண்ணை எடுக்காமல். "தோட்டத்துல ஆளுக வேலை பாத்துக்கிட்டு இருக்காக. விட்டுட்டு வர முடியாது."